நெய்வேலி நிலக்கரியை ஏன் எதிர்க்கிறாங்க?

"நம்ம மண்ணுலயே நிலக்கரி இருக்கு, அத தோண்டி கரன்ட் எடுத்தா என்ன தப்பு"ன்னு கேட்டிருக்கீங்க. நெய்வேலி கரன்ட் 1962லேர்ந்து வருது, அதோட தேவைய யாரும் மறுக்கல. ஆனா அது திறந்தவெளி சுரங்கங்க, மேல் மண்ண மொத்தமா வாரணும், அடியில ஊத்துத்தண்ணி பொங்காம இருக்க ராப்பகலா பம்ப் போட்டு இறைச்சிக்கிட்டே இருக்கணும். 2023 ஜூலைல நெய்வேலி பக்கத்துல இருக்குற வளையமாதேவி கிராமத்துல, சுரங்கத்த நடத்துற என்.எல்.சி. கம்பெனிக்காரங்க பச்சை நெல்லு நின்ன வயல்லயே பொக்லைன இறக்கி கால்வாய் வெட்டுனாங்க, பயிர் மண்ணோட புரண்டு கிடந்தத பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. நிலத்த முன்னாடியே எடுத்து காசும் கொடுத்தாச்சுன்னாங்க, சரி, அறுப்பு வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல? அதே வருஷம் ஏப்ரல்ல வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு நிலக்கரி தோண்ட குறிச்சிருந்த பகுதிகள மத்திய அரசு ஏலத்துலேர்ந்து நீக்கிடுச்சு, ஜனங்க எதிர்த்ததாலதான் அதுவும் நடந்துச்சு.