மடிநோய் வந்தால் பசுவின் உடலுக்குள் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: காலையில் நன்றாகக் கறந்த பசு மாலையில் காய்ச்சலோடு படுத்துவிட்டது. மடி கல் போல இருக்கிறது, பால் தண்ணீராக வருகிறது. சில மணி நேரத்தில் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். சாணத்தில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகளின் வெளிச்சுவரில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. மடியின் செல்கள் அதைக் கண்டதுமே அபாயச் செய்தி அனுப்ப, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் மடிக்குள் திரள்கின்றன. நீங்கள் பார்க்கும் வீக்கமும் சூடும் காய்ச்சலும் பெரும்பாலும் பசுவின் எதிர்ப்புத்தான். அந்த எதிர்ப்பு கட்டுமீறினால் பசுவின் உயிருக்கே ஆபத்து. காது சில்லிட்டு, கண் குழிந்து, தீவனத்தைத் தொடாமல் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் பசுவுக்குக் காய்ச்சலே இல்லை. ஒரே காம்பில் அவ்வப்போது பால் திரிதிரியாக வருகிறது. மருந்து ஏற்றினால் நிற்கிறது, பிறகு திரும்புகிறது.

பதில்: முன்னதைவிட இந்தப் பசுவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை முதலில் சந்தேகிக்க வேண்டும். இது பெரிய ஆரவாரத்தைக் கிளப்பாது. உடலின் எதிர்ப்பும் மந்தமாகவே எழும். தன்னை விழுங்க வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கவும் இதற்குத் தெரியும். நாளடைவில் மடிக்குள் சிறு சீழ்க்கட்டிகள் உருவாகி, சுற்றிலும் தழும்புத்திசு வளர்கிறது. மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பால் தெளிந்ததும் நோய் போய்விட்டதாக நினைக்கிறோம். கிருமி உள்ளேயே இருக்கிறது. பாலை ஆய்வகத்தில் பரிசோதித்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊசியை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். இந்தக் கிருமி கறப்பவர் கை வழியாகவும் கறவை இயந்திரம் வழியாகவும் பரவும் என்பதால் அந்தப் பசுவைக் கடைசியில் கறங்கள்.

கேள்வி: வெளியே தெரியாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாலில் உள்ள உடற்செல்களை, அதாவது பெரும்பாலும் நோயை எதிர்க்க மடிக்கு வந்த வெள்ளையணுக்களை, எண்ணுவதுதான் வழி. நலமான மடியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கும் குறைவாக இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் நோய்த்தொற்று இருக்கலாம். தொழுவத்திலேயே கலிபோர்னியா சோதனை செய்யலாம். சோதனைக் கரைசல் செல்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவரும். செல்கள் மிகுந்த பால் கூழாகும். மடியின் நான்கு பகுதிகளும் உள்ளே தனித்தனி; ஆகவே ஒவ்வொரு காம்பின் பாலையும் தனியே பாருங்கள்.

கேள்வி: கன்று ஈன்றதும் இந்நோய் ஏன் கடுமையாக வருகிறது?

பதில்: அப்போது பால் சுரப்புக்குத் தேவையான அளவு பசுவால் தின்ன முடிவதில்லை, வெள்ளையணுக்களும் சோர்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, பாலுக்குள் வந்த வெள்ளையணுக்கள் கொழுப்புத் துளிகளையும் கேசின் என்ற பால் புரதத்தையும் விழுங்கித் தம் ஆற்றலை வீணாக்குகின்றன. வைட்டமின் ஈ, செலினியம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சினையின் கடைசி வாரங்களில் தீவனத்தைக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

கேள்வி: கறந்ததும் தீவனம் போடச் சொல்கிறார்களே?

பதில்: பசு நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. கறந்த பின் காம்புத் துளை இறுக மூட அரை மணி நேரத்துக்கு மேலாகலாம். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வழி திறந்தே கிடக்கும்.