பேதி இருந்தது உண்மை, நோய் தெரிந்தது எப்போது? கிளைம் மறுக்கப்பட்ட குடியாத்தம் வாசகருக்கு

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 38, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இஎஸ்ஐ நின்றுபோனதால் 2019 ஜனவரியில் குடும்பத்துக்காக 3 லட்சத்துக்கு ஒரு தனியார் மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறார். பிரீமியம் குறைவு, தொகை அதிகம் என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு 2021 ஜனவரியில் வேறு கம்பெனிக்கு மாறி 5 லட்சம் பாலிசி. ஒரு வருடம்கூட விடாமல் கட்டியிருக்கிறார். 2023-ல் குடல் டிபியாக இருக்கலாம் என்று சில மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லை. 2025 ஆகஸ்டில் குடல் அடைத்துக்கொண்டு வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, பயாப்ஸி பார்த்த பிறகுதான் குரோன்ஸ் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி) என்று தெரிந்தது. பில் 3,40,000. கேஷ்லெஸ் மறுக்கப்பட, மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். பிறகு பில்களை அனுப்பிக் கேட்டதற்கும் மறுப்புதான். "டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து வருடமாக வயிற்றுவலி, பேதி என்று இருக்கிறது, விசாரணையில் நீங்களும் அதை ஒப்புக்கொண்டீர்கள், பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள், ஆகவே கிளைம் இல்லை, பாலிசியும் ரத்தாகும்" என்று கடிதம். கேஸ் போடலாமா, எங்கே போடுவது, இனிமேல் போட வேண்டிய ஊசிக்காவது பணம் வருமா என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று. நீங்கள் நகல் அனுப்பியிருக்கும் கம்பெனியின் அந்த இரண்டு பக்க மறுப்புக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். "முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம்" என்ற காரணத்தை அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பாலிசி எடுத்த பிறகு அந்த நோய்க்கு மட்டும் கிளைம் கிடைக்காத அந்தக் காலம் அதிகபட்சம் 48 மாதம் என்று இருந்தது, 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அதை 36 மாதமாகக் குறைத்துவிட்டது. உங்கள் பாலிசிக்கு ஆகஸ்ட் 2025-ல் 55 மாதம் ஆகிவிட்டது, எந்தக் கணக்கில் பார்த்தாலும் தாண்டியாச்சு. அதாவது 2021-லேயே "எனக்கு வயிற்றுக் கோளாறு உண்டு" என்று எழுதிக் கொடுத்து, காத்திருப்புக் காலத்தோடு பாலிசி வாங்கியிருந்தால், இன்று இந்தப் பணம் வந்திருக்கும். அதனால்தான் கையில் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதமான "மறைத்தார்" என்பதைத் தூக்குகிறார்கள்.

அந்த ஆயுதத்துக்கும் ஆயுள் உண்டு. 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ மாஸ்டர் சர்குலர்படி, தொடர்ச்சியாக 60 மாதம் பாலிசி இருந்துவிட்டால், மறைத்தார், தவறாகச் சொன்னார் என்ற காரணத்துக்காகப் பாலிசியையோ கிளைமையோ கேள்வி கேட்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் விதிவிலக்கு. முன்பு இது 8 வருடமாக இருந்தது. 55-க்கும் 60-க்கும் ஐந்து மாதம்தானே, இப்படிப் போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் உங்கள் கதை 2021-ல் தொடங்கவில்லை, 2019-ல் தொடங்குகிறது.

இந்த 60 மாதக் கணக்கில் போர்ட்டிங் செய்து, அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியாகவே கம்பெனி மாற்றி, வந்த பழைய கம்பெனியின் வருடங்களும் சேரும். எல்லாமே 2021-ல் ஏஜென்ட் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. முறையாகப் போர்ட் செய்திருந்தால் உங்கள் கணக்கு 79 மாதம், அவர்களுடைய கடிதம் அடிப்படையிலேயே செல்லாது. பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் போச்சு. கமிஷனுக்காகவும், போர்ட்டிங் விண்ணப்பத்தை ரினீவலுக்கு 45 நாள் முன்பே கொடுக்க வேண்டும் என்ற தொல்லைக்காகவும் இரண்டாவது வழியில் போகிற ஏஜென்ட்டுகள் நிறையப் பேர். ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், "எல்லாம் போர்ட்தான் சார்" என்பார். 2021 பாலிசி ஷெட்யூலை (பாலிசியின் விவரப் பக்கம்) எடுத்துப் பாருங்கள். பழைய கம்பெனியின் பெயர், பழைய பாலிசி எண், முதல் பாலிசி தொடங்கிய தேதி இவற்றில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா? இருந்தால் உங்கள் கேஸின் முக்கால்வாசி அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒரு சின்னச் சிக்கல்: இந்தப் பாதுகாப்பு முதல் பாலிசியின் தொகைக்குத்தான், அதாவது 3 லட்சத்துக்கு. கூட்டிய 2 லட்சத்துக்கு 2021-லிருந்துதான் எண்ணுவார்கள். ஆக 3,40,000-ல் 3 லட்சம் கோட்டைக்குள், 40,000-க்குத் தனியாக வாதாட வேண்டும்.

போர்ட் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேஸ் செத்துவிடவில்லை, ஆனால் உழைப்பு அதிகம்.

முன்பே இருந்த நோய் என்றால், பாலிசிக்கு முன்னால் குறிப்பிட்ட காலத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய், அல்லது டாக்டரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய். உங்கள் பாலிசி எடுத்த சமயத்தில் அந்தக் காலம் 48 மாதம், இப்போது 36. நோய் என்பதுதான் முக்கியம். வயிறு சரியில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டதும், ஓமத் தண்ணி குடித்ததும் இதில் வராது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் பக்கத்தில் யாருக்குமே பாலிசி கிடைக்காது, ஆம்பூர்க்காரர்களுக்குச் சுத்தமாகக் கிடைக்காது. குரோன்ஸ் நோயும் குடல் டிபியும் நம் நாட்டில் ஒன்றைப்போல் ஒன்று ஏமாற்றும் என்பது வயிற்று டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கொலோனோஸ்கோபி பார்த்தும் தீர்மானிக்க முடியாமல் டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்பது வழக்கமாக நடப்பதுதான். உங்களுக்கும் 2023-ல் அதுதான் நடந்தது. டாக்டருக்கே 2025-ல் பயாப்ஸி வந்த பிறகுதான் பெயர் தெரிந்த நோயை, ஷூ கம்பெனி சூப்பர்வைசர் 2021-ல் எப்படி எழுதியிருக்க முடியும்? இதை இதே வார்த்தைகளில் புகாரில் எழுதலாம், தப்பில்லை.

சுப்ரீம் கோர்ட்டின் மன்மோகன் நந்தா தீர்ப்பு (2021) இதற்கு உதவும். பாலிசிக்கு விண்ணப்பிப்பவருக்குத் தெரிந்ததை, அல்லது சாதாரணமாகத் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் அவர் சொல்லக் கடமைப்பட்டவர், படிவத்தில் கேள்வி தெளிவில்லாமல் இருந்தால் அதன் பலன் பாலிசிதாரருக்கு என்கிறது அது. எதிர்த் தரப்பு வக்கீல் சத்வந்த் கவுர் சந்து தீர்ப்பை (2009) எடுத்து வைப்பார், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் பாலிசிதாரருக்கு நாள்பட்ட சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இருந்தன, அதைச் சொல்லவில்லை, கம்பெனி ஜெயித்தது. அவருக்குத் தன் நோய் தெரியும். உங்களுக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் கேஸ் நிற்கும். அதனால் 2017-க்கும் 2021-க்கும் இடையில் வயிற்றுக்காக எந்த ஆஸ்பத்திரியிலாவது ஓ.பி. சீட்டு போட்டிருந்தால் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலூர் ஆஸ்பத்திரிகளில் பழைய நம்பரை வைத்தே எல்லா வருகையும் வெளியே வந்துவிடும், கம்பெனியின் விசாரணை ஆள் அதைத்தான் முதலில் தேடுவார். "ஏஜென்ட்தான் எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்தார், நான் ஓடிபி மட்டும் சொன்னேன்" என்ற வாதத்தை ரொம்ப நம்ப வேண்டாம். உண்மையாகவே அப்படித்தான் நடந்திருக்கும், ஆனாலும் ஓடிபி உங்கள் கையெழுத்து.

டிஸ்சார்ஜ் சம்மரி விஷயத்துக்கு வருவோம். அட்மிஷன் ராத்திரியில் வலியில் சுருண்டு கிடக்கிற ஆளிடம் ட்யூட்டி டாக்டர் "எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்பார், கூட வந்த மச்சான் "அது அஞ்சாறு வருஷமாவே இருக்கு சார்" என்பார். அதுதான் சம்மரியில் "ஐந்து வருடம்" ஆகி, கம்பெனி கையில் சாட்சியம் ஆகிறது. இதற்காகச் சம்மரியை மாற்றித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் போய் நிற்காதீர்கள். மாற்றினால் மோசடி என்ற வார்த்தை உள்ளே வந்துவிடும், அப்புறம் 79 மாதம் ஆனாலும் காப்பாற்ற முடியாது. சிகிச்சை செய்த டாக்டரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள்: குரோன்ஸ் நோய் முதன்முதலில் உறுதியான தேதி எது, எந்தப் பரிசோதனையில், அதற்கு முன் அந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றதாக ஆவணம் ஏதும் அவரிடம் உண்டா. இந்த மூன்றும் போதும். இன்னொன்றையும் கவனித்தீர்களா? 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போனால் 2020 ஆகஸ்ட். போர்ட் என்று நிரூபணமானால் உங்கள் பாலிசி அதற்கும் முன்னால் 2019-ல் தொடங்கியது. அவர்கள் சொல்கிற ஐந்து வருடத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் பேதியே பாலிசிக்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்த அந்த விசாரணை ஆள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி உங்கள் கையெழுத்து வாங்கியதாகச் சொல்கிறீர்கள். இதை இன்னும் சும்மா விட்டுவைத்திருப்பது சரியில்லை. நீங்கள் தமிழில் என்ன சொன்னீர்கள், அவர் எழுதியதைப் படித்துக் காட்டினாரா இல்லையா, நகல் கொடுத்தாரா என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்புங்கள், மெயிலிலும் போடுங்கள். அதே கடிதத்தில் உங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகல், விசாரணை அறிக்கை, மறுப்புக்கு ஒப்புதல் கொடுத்த கிளைம் மறுஆய்வுக் குழுவின் முடிவு எல்லாவற்றையும் கேளுங்கள். 2024 சர்குலர்படி அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளைமையும் மறுக்கக்கூடாது. பல கம்பெனிகளில் இது வெறும் சடங்காக இருக்கலாம், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

எங்கே போவது? முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார், கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை கேட்கலாம், கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீலுக்கு அங்கே இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும். உத்தரவு வந்தால் கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பிடிக்காத உத்தரவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இன்னொரு வழி நம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் ஹெட் ஆபீஸ் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் கட்டணம், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடக் கெடு. ஆம்புட்ஸ்மேன் உங்களுக்கு நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்தைத் தாண்டித் தரமாட்டார், ஆணையத்தில் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். நகை அடகுச் சீட்டு, வட்டி கட்டிய ரசீது, சம்பளம் பிடித்த மாதங்களின் சிலிப் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும், அவை அங்கே பேசும். என் கருத்து: ஷெட்யூலில் போர்ட்டிங் வரி இருந்தால் ஆம்புட்ஸ்மேன், சீக்கிரம் முடியும். இல்லையென்றால் நேராக ஆணையம், ஏனென்றால் அந்த விசாரணை ஆளுக்குக் கேள்வித்தாள் அனுப்பிக் குறுக்கு விசாரணை செய்ய அங்கேதான் வாய்ப்பு. இரண்டிலும் ஒரே நேரத்தில் போட முடியாது.

ஊசி விஷயம். குரோன்ஸ் நோய்க்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியை வழக்கமாக முதலில் 0, 2, 6-வது வாரங்களில், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், 24 மணி நேர அட்மிஷன் இல்லை, ஓ.பி. சிகிச்சைதான் என்று கம்பெனி தட்டிக் கழிக்கும். ஊசியாகக் கொடுக்கும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை, ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் 2019-லேயே ஐஆர்டிஏஐ சேர்த்திருக்கிறது, இன்ஃப்ளிக்சிமாப் அந்த வகைதான். ஆனால் அதற்கு மட்டும் இவ்வளவுதான் என்று ஓர் உள்வரம்பு வைத்திருப்பார்கள், உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் டே-கேர் அட்மிஷனாகப் போட்டு முன் அனுமதி கேளுங்கள். இந்த ஊசிக்கு முன் எல்லோருக்கும் டிபி டெஸ்ட் எடுப்பார்கள், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து "பழைய டிபி நோயாளி" என்று புதுக் கதை கட்டாமல் இருக்க, அது ஊசிக்கு முந்தைய பரிசோதனை என்று சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்லுங்கள்.

பாலிசி ரத்து என்று சொல்லிவிட்டார்களே, ஜனவரி பிரீமியத்தைக் கட்டுவதா வேண்டாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கட்டுங்கள். மனைவியும் பிள்ளைகளும் அதே பாலிசியில் இருக்கிறார்கள், நோய் தெரிந்த பிறகு உங்களுக்குப் புதுப் பாலிசி கொடுக்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். "குடல் நோய்க்கு நிரந்தர விலக்குக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் தொடரலாம்" என்று ஒரு படிவம் வந்தாலும் வரலாம், அதில் மட்டும் கையெழுத்து வேண்டாம். ஆன்லைனில் பணம் ஏற்காவிட்டால் கெடு தேதிக்கு முன்பே டிடி எடுத்து, "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு வரிக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தக் கவரைக் கிழிக்காமல் வையுங்கள்.