அலாரம் இல்லாமல் விழிக்க முடியுமா? தூக்க மருத்துவரின் பதில்கள்

அலாரம் இல்லாமல் எழுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவான சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பதிலுக்குப் போகும் முன் ஒன்று. தானாக விழிப்பு வராததற்கு மன உறுதி போதவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். தேவையான அளவு தூங்கி முடித்த உடம்பு பழகிய நேரத்தில் தானே விழிக்கும். தூக்கம் பாக்கி இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் பலிக்காது.

மதுரையில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். 5.30, 5.40, 5.50 என மூன்று அலாரம் வைக்கிறேன். மூன்றையும் அணைத்துவிட்டு ஆறரைக்கு அடித்துப் பிடித்து எழுகிறேன். அலாரமே இல்லாமல் ஐந்தரைக்கு எழப் பழகுவது எப்படி?

உங்கள் கடிதத்தில் எழும் நேரம் மூன்று இருக்கிறது, படுக்கும் நேரம் ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய எல்லோருமே இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் விடை இருப்பது இரவில்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. சூரிச் நகரின் ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-ல் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் தூக்கத்தைப் புரிந்துகொள்ள நாங்கள் இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். ஒன்று, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுகிறது. தூங்கத் தூங்க அது வடிகிறது. இன்னொன்று, உடல் கடிகாரம். இரண்டு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட மூளையின் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதுதான் இந்தக் கடிகாரம். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் கீழே போய், அங்கிருந்து மெல்ல ஏறத் தொடங்குகிறது. இரவில் தூக்கத்துக்குத் துணைபோகும் மெலடோனின் ஹார்மோன் குறைகிறது, உடம்பை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசால் ஹார்மோன் கூடுகிறது. இதையெல்லாம் நடத்துவது அந்தச் சின்னப் பகுதிதான். அழுத்தம் வடிந்து முடிவதும் கடிகாரம் எழுப்பத் தொடங்குவதும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், அலாரம் தேவைப்படாது.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் பத்தேகாலுக்கு விளக்கை அணைத்திருக்க வேண்டும். நீங்கள் பன்னிரண்டு மணிக்குப் படுப்பவராக இருந்தால், இன்றைக்கே பத்தேகாலுக்குப் படுக்கப் போகாதீர்கள். தூக்கம் வராமல் புரண்டு, இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுவீர்கள். முதலில் எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். இப்போது உண்மையில் எழும் ஆறரையையே எடுத்துக்கொண்டு, ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஆறரைக்கு எழுங்கள். அது பழகியதும் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை படுப்பதையும் எழுவதையும் கால் மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். எழுவது ஐந்தரைக்கு வந்ததும், படுப்பதை மட்டும் பத்தேகால்வரை தொடர்ந்து நகர்த்துங்கள். இதெல்லாம் முடிய மூன்று நான்கு வாரம் ஆகலாம். ஆகட்டும்.

எழுந்து, விடிந்ததும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்ப் பதினைந்து இருபது நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். இதைத் துணைக் குறிப்பாக நினைத்து விட்டுவிட வேண்டாம். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கண்ணின் விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்கு உதவும் அணுக்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை உடல் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்களும் இருக்கின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு டியூப்லைட்டின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். சூரியன் நன்றாக ஏறிய பிறகு வெளியே நிழலில் நின்றாலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். காலையில் கண்ணில் படும் இந்த வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. அன்றிரவு தூக்கமும் சற்று முன்னதாக வரும். இரவு பதினொன்றுக்குப் படுக்கையில் பிடித்துக்கொண்டிருக்கும் போன் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

மாலை காபியையும் பார்க்க வேண்டும். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். வங்கியில் ஐந்து மணிக்குக் குடித்த காபியில் கணிசமான பங்கு பத்தேகாலுக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் அலாரம். மூன்றை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றை, எழ நினைக்கும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்து, போனை அறையின் மறுகோடியில் விட்டுவிடுங்கள். அது அடிப்பதற்கு முன்பே விழிப்பு வரும் நாட்கள் பெருகும். இரண்டு வாரம் தொடர்ந்து அப்படி நடந்தால் அலாரத்தை எடுத்துவிடலாம். ஸ்னூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் கிடைப்பது துண்டு துண்டான தூக்கம். அதை ஒரே துண்டாகத் தூங்கினால் பலன் அதிகம்.

அதிகாலை ரயில் இருக்கும் நாளில் நான்கு மணிக்கு நானே எழுந்துவிடுகிறேன். மற்ற நாட்களில் முடியவில்லை. தலையணையிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுப் படு என்கிறார் என் பாட்டி. அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

இருக்கிறது! ஜெர்மனியில் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்ன் குழுவினர் செய்த ஆய்வு 1999-ல் நேச்சர் இதழில் வந்தது. தூங்கப்போகும் சிலரிடம் ‘காலை ஆறு மணிக்கு எழுப்புவோம்’ என்றார்கள். வேறு இரவில் ‘ஒன்பதுக்கு எழுப்புவோம்’ என்று சொல்லிவிட்டு, எதிர்பாராமல் ஆறுக்கே எழுப்பினார்கள். இரவெல்லாம் ரத்தத்தில் ஹார்மோன்களை அளந்தபடி இருந்தார்கள். ஆறு மணி என்று தெரிந்து படுத்தவர்களுக்கு, விழிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டது. அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் இது. ஒன்பது என்று நம்பிப் படுத்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. அதாவது, தூங்கிக்கொண்டிருக்கும் மூளையும் எழ வேண்டிய நேரத்தை எதிர்பார்த்து உடம்பைத் தயார்செய்கிறது.

ஆகவே படுக்கும்போது நாளை எத்தனை மணிக்கு எழ வேண்டும், எழுந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று அமைதியாக ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். தலையணையிடம் சொன்னாலும் சரிதான். ஆனால் ரயில் நாளில் நீங்கள் எழுவதில் பதற்றத்துக்கும் பங்கு உண்டு. அந்த இரவு இரண்டு மூன்று முறை விழித்து மணி பார்த்திருப்பீர்கள். அதைத் தினமும் செய்ய ஆரம்பித்தால் தூக்கம் கெடும். நடுவில் விழிப்பு வந்தால் மணி பார்க்காமல் திரும்பிப் படுப்பதே நல்லது. ரயில் நாளில் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பிளஸ் டூ படிக்கும் மகன். காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு எழுப்புவதற்குள் உயிர் போகிறது. தண்ணீர் தெளித்தாலும் எழுவதில்லை. இரவு பன்னிரண்டு ஆனாலும் தூங்குவதில்லை. கும்பகர்ணன் மாதிரி இருக்கிறானே?

அம்மா, அவனை அப்படிச் சொல்லாதீர்கள். தண்ணீரும் தெளிக்காதீர்கள். அவன் சோம்பேறி இல்லை.

பருவ வயதில் உடல் கடிகாரம் பின்னே நகர்கிறது. மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே தாமதமாகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் அவனால் உண்மையிலேயே தூங்க முடியாது. அதே சமயம் 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பன்னிரண்டுக்குத் தூங்குபவனை ஐந்துக்கு எழுப்பினால் தினமும் குறைந்தது மூன்று மணி நேரம் கடன். அன்று படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டியூஷனுக்காகத் தூக்கத்தை வெட்டுவது, படிப்பதற்காகப் படிப்பையே வெட்டுவது.

இதைப் புரிந்துகொண்ட இடங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் விடிவதற்கு முன்பே பிள்ளைகள் டியூஷன் பையோடு சைக்கிளில் போகிறார்கள். இது மாற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

முடிந்தால் மாலை டியூஷனுக்கு மாற்றுங்கள். இரவு பத்துக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்திலேயே இருக்கட்டும். பெரியவர்கள் கையில் போன் இருக்கும்போது பிள்ளையிடம் மட்டும் பிடுங்கினால் நடக்காது. காலையில் அறையின் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டுவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஞாயிறன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் விட்டுவிடுங்கள். மதியம்வரை போனால் திங்கட்கிழமை இன்னும் கஷ்டமாகும். இந்த வயதில் அவனுக்கு அலாரம் இல்லாமல் விழிப்பு வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சென்னையில் ஐ.டி. கம்பெனி. மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரைவரை வேலை. மாதத்தில் ஒரு வாரம் பகல் ஷிப்ட். எனக்கு இது சாத்தியமா?

ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்வரை சாத்தியமில்லை. அலாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரப் பகல் ஷிப்டைத் தவிர்க்க மேலாளரிடம் பேசிப் பாருங்கள். நிலையான இரவு வேலையை உடம்பு ஓரளவு சமாளிக்கும். அடிக்கடி மாறும் வேலையைச் சமாளிப்பது அதைவிடக் கடினம். தினமும் மாறாத ஒரு நான்கு மணி நேரத்தையாவது, உதாரணமாகக் காலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை, இருட்டாக்கிய அறையில் தூக்கத்துக்கென ஒதுக்கி, மீதியைச் சூழ்நிலைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மூன்றரை மணிக்கு பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உடம்பு மிகவும் தூக்கம் கேட்கும் நேரம் அது. கம்பெனி வண்டியில் வாருங்கள்.

வயது 67. எனக்குப் பிரச்சினை தலைகீழ். அலாரம் இல்லாமலே மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூங்க முடிவதில்லை.

ஐயா, எட்டரைக்குப் படுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டரையிலிருந்து மூன்றரை ஏழு மணி நேரம். மதியமும் இரண்டு மணி நேரம் தூங்குகிறீர்கள். கணக்குப் பார்த்தால் உங்களுக்குத் தூக்கம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. வயதாக ஆகக் கடிகாரம் முன்னே நகர்வது இயல்பு. மதியத் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குக் குறைத்து, அதையும் மூன்று மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மாலை ஐந்திலிருந்து ஆறரைவரை வெளியே வெளிச்சத்தில் நடந்துவிட்டு, பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள்.

சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறீர்கள் என்றால் சர்க்கரை அளவையும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் நேரத்தையும் மருத்துவரிடம் கேளுங்கள். அதிகாலை விழிப்போடு மனம் கனமாக இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலையில் அது மோசமாக இருக்கிறது என்றால், அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

தூக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று பார்த்து எழுப்பும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா?

மணிக்கட்டில் இருக்கும் கருவி அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. தூக்கக் கட்டங்களைச் சரியாக அறிய மூளை அலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு சுற்றுத் தூக்கம் 90 நிமிடம் என்பதும் சராசரிதான். ஆளுக்கு ஆள், ஒரே இரவில் சுற்றுக்குச் சுற்று மாறும். அந்தப் பணத்துக்கு நல்ல மெத்தை வாங்கலாம்.

கணவர் பத்துக்குப் படுத்து ஆறரைவரை தூங்குகிறார். அலாரம் அடித்தும் எழ முடிவதில்லை. எழுந்தால் தலைவலி என்கிறார், ஆபீசில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாராம். குறட்டை பக்கத்து அறைக்குக் கேட்கும்.

இது பழக்கம் சம்பந்தப்பட்டதல்ல. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா என்று இன்றிரவு கவனியுங்கள். முடிந்தால் போனில் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். உறக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டையில் காற்று போகும் வழி அடைபடும்போதெல்லாம் மூளை அவரை ஒரு நொடி எழுப்பிவிடுகிறது. அவருக்கு அது நினைவிருக்காது. எட்டரை மணி நேரம் படுத்திருந்தும் அவர் தூங்கவில்லை என்றே சொல்லலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனை எழுதித் தருவார்கள். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் இதய நோயும் தேடி வரும். நல்ல சிகிச்சை இருக்கிறது. அதுவரை அவர் தூரப் பயணத்துக்குக் கார் ஓட்ட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஐந்தரைக்குத் தானாக எழும்புவேன். டொராண்டோ வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. டிசம்பர், ஜனவரியில் ஏழு மணிக்குக்கூட எழும்ப முடியவில்லை. வயதாகிவிட்டதா?

வயது காரணமில்லை, வெளிச்சம்தான். மனித உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 24 மணி 11 நிமிடம். அந்த உபரியைத் தினமும் காலை வெளிச்சம்தான் திருத்தி வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடியும். டொராண்டோவில் ஜூனில் ஐந்தரை மணிவாக்கில் விடிகிறது, டிசம்பர் கடைசியில் ஏழே முக்காலைத் தாண்டுகிறது. ஏழு மணிக்கு உங்கள் உடம்பைப் பொறுத்தவரை இன்னும் நடு இரவு.

10,000 லக்ஸ் என்று குறிப்பிட்ட வெளிச்சப் பெட்டி அங்கே கடைகளில் கிடைக்கும். எழுந்ததும் அரை மணி நேரம், தேநீர் குடித்துக்கொண்டே அதன் அருகில் உட்காருங்கள்; உற்றுப் பார்க்கத் தேவையில்லை. விழித்திரை நோயோ, மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். மதிய இடைவேளையில் பனியென்றாலும் கோட் போட்டுக்கொண்டு வெளியே கொஞ்சம் நடங்கள். குளிர்காலத்தில் அலாரம் தேவைப்பட்டால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரலில் எடுத்துவிடலாம்.