வியாபாரம் நடந்தும் கையில் பணம் நிற்கவில்லை என்றவருக்கு

வணக்கம். ஆர்டர் குறையவில்லை, ஆனால் மாதக் கடைசியில் சரக்கு எடுக்கவே கடன் கேட்க வேண்டியிருக்கிறது, விளம்பரத்துக்கு இன்னும் செலவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: வீட்டுக்குத் தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் இல்லை. சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியது, வாடகை, வரி, நாளைய கொள்முதல் எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. அதனால் உங்களுக்கென்று ஒரு சம்பளம் வையுங்கள். மாதாமாதம் ஒரே தேதியில், தொழில் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு. நல்ல மாதத்திலும் அதே தொகைதான். கஷ்டமே அங்கேதான் வரும். தொகையை மந்தமான மாதங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அமோகமான மாதங்களைப் பார்த்து அல்ல. அவசரத்துக்கு எடுத்தே ஆக வேண்டுமென்றால் முன்பணம் என்று எழுதி, அடுத்த சம்பளத்தில் கழித்துவிடுங்கள்.

அப்புறம், தினமும் பூட்டுவதற்கு முன் கையிருப்பை எண்ணி ஏட்டோடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் அன்றைக்கே காரணம் நினைவிருக்கும். ஒரு வாரம் கழித்து யாருக்குத் தெரியும்? களைத்துப்போன நாளில்தான் இதைத் தள்ளிப்போடத் தோன்றும் (அந்த நாளில்தான் தப்பும் அதிகம் நடந்திருக்கும்). பில்லும் வேலை முடிந்த அன்றே போகட்டும். நீங்களே தாமதமாக அனுப்பினால் வாடிக்கையாளர் ஏன் அவசரப்படப் போகிறார்?

எந்த மென்பொருள் என்றும் கேட்டீர்கள். இப்போதைக்கு ஒரு நோட்டு போதும். வரவு, செலவு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது என்று நாலு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.