கருப்பை உட்சவ்வும் ஹார்மோன்களும்: வாசகர் கேள்விகள்

ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு 12 மி.மீ. என்று இருக்கிறது. இது அதிகமா?

எந்த நாளில் எடுத்த ஸ்கேன் என்று எழுதவில்லையே! அது தெரியாமல் 12க்குப் பொருளே இல்லை. மாதவிடாய் நாட்களில் சவ்வு 4 மி.மீ. வரைதான் இருக்கும். பிறகு சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்த்துக்கொண்டே போகிறது. அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் இருக்கும்போது 12 என்றால் இயல்புதான். மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டு, சவ்வும் 4 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் பயாப்ஸி (சவ்வின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்துவிட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது என்றால் புரோஜெஸ்டிரானுக்கு என்ன வேலை?

வளர்ந்தது போதும் என்று நிறுத்துவது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் இதைச் சுரக்கிறது. இதனால் சவ்வில் ஈஸ்ட்ரோஜனின் கட்டளையை ஏற்கும் புரதங்கள் (ஏற்பிகள்) குறைகின்றன. செல்கள் பெருகுவது அடங்குகிறது. நேராக இருந்த சுரப்பிகள் நெளிந்து, கிளைக்கோஜனைச் சுரந்து, கரு வந்து ஒட்டத் தோதாகின்றன. கரு தங்காவிட்டால் மஞ்சள் உடலம் சுமார் 14 நாட்களில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரான் சரிந்ததும் சுருள் தமனிகள் இறுக, மேலடுக்கு ரத்தம் கிடைக்காமல் உதிர்கிறது. அடியடுக்கு அப்படியே நிற்கும்; அடுத்த மாதச் சவ்வு அதிலிருந்துதான் வளரும். ரீசஸ் குரங்கின் உட்சவ்வுத் துணுக்கை அதன் கண்ணுக்குள்ளேயே பதியவைத்து, தமனிகள் இறுகுவதையும் ரத்தம் கசிவதையும் நேரில் பார்த்து 1940இல் எழுதினார் ஆய்வாளர் மார்க்கீ. கேட்கவே கூசும் சோதனைதான். ஆனால் மாதவிடாயைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அங்கே தொடங்கியது.

எனக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பையிலிருந்து முட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. மூன்று, நான்கு மாதம்கூட மாதவிடாய் வராது. வலி ஏதும் இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. முட்டை வெளிவராத மாதத்தில் மஞ்சள் உடலம் இல்லை. ஆகவே புரோஜெஸ்டிரானும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் தனி ஆவர்த்தனம் நடத்துகிறது. உடல் பருமனும் சேர்ந்தால், கொழுப்புத் திசு தன் பங்குக்கு ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகிறது. தடுப்பாரின்றிச் சவ்வு தடித்துக்கொண்டே போனால், நாளடைவில் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடலாம். மருத்துவர் எழுதித் தரும் புரோஜெஸ்டிரான் மாத்திரையை ஏதோ 'வரவழைக்கும் மருந்து' என்று அலட்சியப்படுத்தாதீர்கள். அது காப்பது சவ்வை.

மாதவிடாய் நின்ற பிறகு தோழிக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்தார்கள். எனக்கு இரண்டு ஹார்மோன்கள். ஏன்?

தோழிக்குக் கருப்பையை எடுத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் உட்சவ்வுப் புற்றுநோய் கூடுகிறது என்பதை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இரண்டாவது மருந்தான புரோஜெஸ்டிரான் அதைத் தடுக்கத்தான்.

ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் பொருத்திய பிறகு மாதவிடாயே இல்லை. ரத்தம் உள்ளே தேங்குமா?

தேங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. சாதனத்திலிருந்து கசியும் லீவோநார்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்டிரானைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன்) சவ்வை வளரவே விடுவதில்லை.