செம்பனைத் தோட்டத்து மண் பாதை சாலையா? முதலில் அதைக் கேளுங்கள்

கேள்வி (சுருக்கம்): செந்தூலில் வசிக்கிறேன். லோரி ஓட்டிப் பிழைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மாமாவின் நண்பரிடம் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டியை ரொக்கமாக வாங்கினேன். கிராண்ட் (வண்டியின் பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. காட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு ரோடு டாக்ஸ் வேண்டாம் என்று எங்கள் ஃபோர் வீல் குழுத் தலைவர் சொன்னார். அதனால் ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் இரண்டையும் விட்டுவிட்டேன். உலு சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டம் வரை வண்டியை லோரியில் ஏற்றிப் போய் இறக்கி, காட்டுக்குள் ஓட்டினோம். திரும்பும்போது தோட்டத்து மண் பாதையில் வண்டி கவிழ்ந்து, கூட வந்த கொழுந்தியாள் மகனுக்குக் கால் முறிந்தது. அவனுக்கு வயது 17, பெல்ட் போடவில்லை. தலைவர் எடுத்துவிட்டதாகச் சொன்ன வன பர்மிட் எடுக்கப்படவே இல்லை. வனத்துறை காம்பவுண்ட் (நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதம்) கொடுத்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாதது, கவனக்குறைவாக ஓட்டியது என்று இரண்டு குற்றச்சாட்டுகளுடன் கோலகுபு பாரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லிச் சமன் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா? தலைவர் மீது வழக்குப் போட முடியுமா? வண்டியை விற்றவர் பெயர் மாற்ற இன்னும் பணம் கேட்கிறார். கொழுந்தியாள் வீட்டில் கேஸ் வேண்டாம், மருத்துவச் செலவு போதும் என்கிறார்கள்.

பதில்:

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் குழுத் தலைவரைப் பற்றித்தான் இருக்கிறது. அவர் வாட்ஸ்அப்பில் போட்டது, உங்களைக் குழுவிலிருந்து நீக்கியது, மற்றவர்கள் முன் பேசியது எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவாது. ரோடு டாக்ஸ் வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னதை நம்பினேன் என்பது எதிர்வாதமே ஆகாது. அவர் மீது வழக்குப் போடுவதில் பணத்தைக் கரைக்காதீர்கள்.

உங்கள் வழக்கில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான். வண்டி கவிழ்ந்த அந்த மண் பாதை மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்லும் ‘சாலை’யா, இல்லையா?

தார் போட்டிருந்தால்தான் சாலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தப் பாதையும் சாலைதான் என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. அதே விளக்கத்தில், தனியார் பராமரித்து வைத்திருக்கும் தனியார் பாதை சாலையாகாது என்றும் இருக்கிறது. தோட்டத்துப் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நுழைவாயிலில் தடுப்புக் கம்பம் இருந்ததா, ஜாகா (காவலாளி) வண்டி எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே விட்டாரா, ‘தனியார் நிலம்’ என்று பலகை இருந்ததா என்பவை உங்கள் பக்கம் பேசும். அந்தப் பாதை வழியாகக் கம்பத்து மக்களும் ஒராங் அஸ்லி பூர்வகுடியினரும் தினமும் மோட்டாரில் போய்வருகிறார்கள், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் கேட்பாரின்றி வந்து போகிறார்கள் என்றால் அது அரசுத் தரப்புக்குச் சாதகம். உள்ளே போகும்போது உங்களை யாராவது நிறுத்தினார்களா என்பது நீங்கள் எழுதாமல் விட்ட விவரம். எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த வாரமே போய் நுழைவாயிலையும் பலகையையும் படம் எடுங்கள். தோட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கவனக்குறைவுக் குற்றச்சாட்டில், நீங்கள் ‘சாலையில்’ ஓட்டினீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. இன்சூரன்ஸ் விஷயத்தில் இந்த வாதத்துக்கு அதே பலம் இருக்காது. ஆனாலும் வைக்கலாம். ஏனென்றால் கட்டாய இன்சூரன்ஸ் என்பதே சாலையில் வண்டியைப் பயன்படுத்துவதால் வரும் பொறுப்பை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த வாதத்தை நான் யோசிக்காமல் சொல்ல மாட்டேன். அது சாலையே இல்லை என்று அவர் ஜெயித்தால், இன்சூரன்ஸ் நிறுவனமும் அதையே பிடித்துக்கொள்ளும். உங்களிடம் இன்சூரன்ஸ் இல்லாததால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா’ என்று கேட்டீர்கள். கட்டாதீர்கள், இப்போதைக்கு.

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய குற்றத்துக்கு அபராதம் 1,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாது. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆவது பிரிவில் குற்றவாளி என்று தீர்ப்பானால், சிறப்புக் காரணம் இல்லாதவரை 12 மாதம் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியும் போய்விடும். சொந்த வண்டிக்கு மட்டும் என்று இல்லை. உங்கள் லோரியும் அதில் அடங்கும். ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ்) கையில் இருந்தும் பயனில்லை. காலையில் நீதிமன்றம் போய் மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று ஒப்புக்கொண்டு, அன்றைக்கே வேலையை இழந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘ஐயா, நான் லோரி ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறேன்’ என்று அப்புறம் கெஞ்சினால் மாஜிஸ்திரேட் மனம் இளகலாம், ஆனால் சட்டம் இளகாது. சிறப்புக் காரணம் என்பது குற்றம் நடந்த சூழ்நிலையில் இருக்க வேண்டும். குற்றம் செய்தவரின் குடும்ப நிலை அதில் சேராது. இதை நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கவனக்குறைவுக் குற்றச்சாட்டில் தொகையே பெரிது. 4,000 வெள்ளிக்குக் குறையாமல் 10,000 வரை அபராதம் உண்டு, 12 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அதைவிட ஆபத்து, நீங்கள் சொல்லும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற ஒரு வார்த்தை. நாளை அந்தப் பையன் தரப்பில் நஷ்டஈட்டு வழக்கு வந்தால், உங்கள் ஒப்புதலை உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைப்பார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று இல்லை, விளக்கம் கொடுக்கலாம். ஆனால் சொந்த வாயால் சொன்னதை விளக்கிக்கொண்டு நிற்பவரை எந்த நீதிபதியும் எளிதில் நம்புவதில்லை.

அந்த நஷ்டஈட்டு வழக்கில் ‘அது சாலை இல்லை’ என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால், தார் ரோடானாலும் தோட்டமானாலும் நடுக்காடானாலும் பொறுப்பு ஒன்றுதான். பையன் பெல்ட் போடாதது நஷ்டஈட்டில் ஒரு பங்கைக் குறைக்கும், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் இல்லாததால் மீதி முழுவதும் உங்கள் தலையில். தீர்ப்புத் தொகையைக் கட்ட முடியாமல் கடன் 100,000 வெள்ளியை எட்டினால் உங்களைத் திவாலாக்கவும் மனு போடலாம். கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை, எதிர்கால வேலை இழப்பு என்று போனால் அந்தத் தொகை அவ்வளவு தூரத்தில் இல்லை.

கொழுந்தியாள் குடும்பம் கேஸ் வேண்டாம் என்பதைக் கேட்டு நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கவலை. பையனுக்கு 17 வயது. அவன் சார்பில் பெற்றோர் செய்யும் சமரசத்தை நீதிமன்றம் அங்கீகரித்தால்தான் அது அவனைக் கட்டுப்படுத்தும். வீட்டு மேசையில் உட்கார்ந்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி, அப்பா அம்மா கையெழுத்துப் போட்டு, மாமா சாட்சி வைத்தாலும் அந்தத் தாள் அவனைத் தடுக்காது. 18 முடிந்தபின் அவனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, அதாவது 24 வயது வரை உங்கள் மீது வழக்குத் தொடரலாம். இன்றைக்கு அன்பாக இருக்கும் பையன் 23 வயதில் கால் வலியோடு வேலை கிடைக்காமல் நிற்கும்போது ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பான். பார்ப்பது அவன் உரிமை. அதற்குள் நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய ரசீதெல்லாம் எங்கே போயிருக்குமோ தெரியாது.

அதனால் சமரசம் செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள், ஆனால் முறையாகச் செய்யுங்கள். நீங்கள் ஒரு வழக்கறிஞர், அவர்கள் ஒரு வழக்கறிஞர். இரண்டு பேருக்கும் ஒருவரே என்று மிச்சம் பிடிக்காதீர்கள். காயம் ஓரளவு ஆறி மருத்துவ அறிக்கை வந்தபின் தொகை பேசி, செஷன்ஸ் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெறுங்கள். பையனுக்கான பணத்தை வழக்கமாக 18 வயது வரை நிரந்தர வைப்பில் போடச் சொல்வார்கள். இதைச் சொன்னால் உறவு கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். அவனுக்கும் நியாயமான தொகை கிடைக்கும் வழி இதுதான். அதுவரை கொடுக்கும் செலவை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

உங்கள் குழுவில் ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் ஒழுங்காகக் கட்டியிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த வண்டியில் சும்மா கூட்டிப்போகும் பயணிக்குக் காயம் பட்டால், அந்தப் பொறுப்பைக் கட்டாய இன்சூரன்ஸ் ஏற்பதில்லை. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பந்தயம், போட்டி என்று வந்தால் வழக்கமான பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. வாரக் கடைசியில் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாலிசியைத் திறந்தே பார்த்ததில்லை.

வனத்துறை காம்பவுண்டைக் கெடுவுக்குள் கட்டுங்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் மாவட்ட வன அலுவலகத்தின் பர்மிட் இல்லாமல் போனீர்கள், அதில் வாதாட எதுவுமில்லை. காம்பவுண்ட் கட்டினால் விஷயம் அங்கேயே முடியும், குற்றத் தீர்ப்பும் ஆகாது. கட்டாமல் விட்டால் நீதிமன்றம் போகும், அங்கே அபராதத்தோடு சிறையும் இருக்கிறது.

வண்டியை விற்றவர் கூடுதல் பணம் கேட்பது அநியாயம்தான். ஆனால் கிராண்டில் அவர் பெயர் இருக்கும்வரை அவருக்கும் நிம்மதி இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை இன்னொருவர் ஓட்ட அனுமதிப்பதும் அதே 90-ஆவது பிரிவில் குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், உங்கள் வழக்கறிஞர் கடிதமாக எழுதட்டும். பெரும்பாலும் தொகை இறங்கும். சிறு தொகையில் முடிந்தால் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்காக வழக்குப் போட வேண்டாம். விபத்துத் தேதிக்கு முந்தைய தேதி போட்டு இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அது மோசடி. இப்போது உங்கள் மீது இருப்பது போக்குவரத்துக் குற்றம் மட்டும்தான், அதைக் குற்றவியல் சட்டம் வரை நீங்களே இழுத்துக்கொள்ளாதீர்கள்.

சமனில் உள்ள தேதியில் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் கைது வாரண்ட் வரும். குற்றச்சாட்டை வாசித்துக் கேட்டால், ‘வழக்கறிஞர் வைக்க அவகாசம் வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். நடைபாதையில் நிற்கும் யாராவது ‘ஒப்புக்கொண்டால் குறைத்துப் போடுவார்கள்’ என்பார். 12 மாதத்தைப் பற்றி அவர் சொல்ல மாட்டார்.