அறிவியல் வலைப்பதிவரின் அமெரிக்கப் பயணம்: வாசகர் கேள்விகள்

தமிழில் அறிவியல் வலைப்பதிவு எழுதுகிறேன். அமெரிக்காவில் நடக்கும் அறிவியல் எழுத்தாளர் மாநாட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன். வந்தபிறகு அதைப் பற்றி எழுதவும் ஆசை. எந்த விசா கேட்பது?
– திருச்சி வாசகி

கலந்துகொள்ள மட்டும் என்றால் பி-1 என்ற வருகையாளர் விசா போதும். நீங்கள் எழுதவும் ஆசைப்படுவதுதான் சிக்கல். ஊடகக்காரர்கள் மாநாட்டில் பங்கேற்பாளராக உட்கார வருகையாளர் விசாவில் போகலாம். ஆனால் அங்கே இருக்கும்போதோ, ஊர் திரும்பியோ அந்த மாநாட்டைச் செய்தியாக்குவதாக இருந்தால் அது செல்லாது என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறை. அதற்கு ஊடகக்காரர்களுக்கான ஐ விசா இருக்கிறது. ஏதாவது பத்திரிகை உங்களிடம் கட்டுரை கேட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தையோ கடிதத்தையோ வைத்து ஐ விசாவுக்கே விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மறுத்தாலும் திரும்ப வராது. எழுதுவதாக முடிவு செய்துவிட்டு அதை மறைத்து பி-1 கேட்பது வேண்டாத வேலை. உங்கள் வலைப்பதிவு ஊரறிய இணையத்தில்தான் இருக்கிறது.

விசாவுக்கு இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் வலைப்பதிவைக் குறிப்பிட வேண்டுமா? நான் எழுதுவது புனைபெயரில்.
– மதுரை வாசகர்

கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை அந்தப் படிவம் கேட்கும். பட்டியலில் தளத்தைத் தேர்ந்து கணக்குப் பெயரை மட்டும் தர வேண்டும், கடவுச்சொல் கேட்பதில்லை. புனைபெயர்க் கணக்கும் உங்கள் கணக்குதான், விடாதீர்கள். அதற்குக் கீழேயே, பட்டியலில் இல்லாத வேறு தளங்களில் எழுதியதைத் தெரிவிக்க விருப்பமா என்று இன்னொரு கேள்வி வரும். கட்டாயமில்லை என்றாலும் வலைப்பதிவு முகவரியை அங்கே கொடுத்துவிடுவது நல்லது. பயணக் காரணமே வலைப்பதிவாக இருக்கும்போது அந்த இடத்தில் ‘இல்லை’ என்று போட்டால் நேர்காணலில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

அழைப்புக் கடிதத்தில் மட்டும் புனைபெயர் வேண்டாம். மாநாட்டுப் பதிவிலேயே கடவுச்சீட்டில் உள்ள பெயரைக் கொடுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டைக்குப் புனைபெயர் வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று: சுமார் 20 நிமிடம் கைவைக்காமல் விட்டால் படிவம் மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் வரும் விண்ணப்ப எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

கடவுச்சீட்டில் எனக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர் கட்டம் காலி. படிவத்தில் எப்படி எழுதுவது?
– நாகர்கோவில் வாசகர்

நம்மூரில் பாதிப்பேருக்கு உள்ள தொல்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயரையும், முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்.என்.யு’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடுங்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அப்பா பெயரை நீங்களாகச் சேர்த்தால் கடவுச்சீட்டோடு ஒத்துவராது. விமானச் சீட்டு எடுக்குமுன் ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவார்கள் என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். மற்ற விடைகளெல்லாம் ஆங்கிலத்தில். தாய்மொழி எழுத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் மட்டும் தமிழில் எழுதலாம்.

பேசுவதற்குச் சன்மானம் தந்தால் வாங்கலாமா?
– கோவை வாசகி

பல்கலைக்கழகமோ லாபநோக்கமற்ற ஆய்வு நிறுவனமோ தந்தால் பி-1இல் வாங்கலாம். ஒரே இடத்தில் 9 நாளுக்கு மேல் நிகழ்ச்சி கூடாது, 6 மாதத்தில் 5 நிறுவனங்களுக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. எழுத்தாளர் சங்கம் தருவது இந்தச் சலுகைக்குள் வருமா என்பது சந்தேகம். அவர்களிடம் பயணச் செலவையும் தங்கும் செலவையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.